பத்தடி நகர்ந்த பியானோ

"இன்னும் ஒரு சாண் மேல," என்றாள் தர்மினி.

சாமி அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்த குகதாசன், வாயில் கவ்விய பென்சிலோடு ஏதோ சொன்னார். நெஞ்சு உயரத்தில் இருந்தால்தானே கும்பிட வசதி என்பது அதன் பொருள்.

"வசதி நமக்கா, சாமிக்கா? மேல தூக்குங்க."

தூக்கினார். அவள் பென்சிலை அவர் வாயிலிருந்து உருவி, சுவரில் இரண்டு புள்ளிகள் வைத்தாள்.

அந்த அலமாரி பதினோரு வருடமாகச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதைக் கூடத்தின் கிழக்குச் சுவருக்கு மாற்றவேண்டும், கிழக்கு பார்த்துக் கும்பிடுவதுதான் முறை என்று குகதாசன் சொன்னபோது தர்மினி மறுக்கவில்லை. டிரில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மனைவி மறுக்காத காரியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஒருமுறை யோசிப்பது நல்லது. முப்பத்து நான்கு வருட இல்லறம் குகதாசனுக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

உண்மையான காரணம் எதிர்ச்சுவரில் இருந்தது. அங்கே பியானோ நின்றது.

ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி வீடு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கடல் தெரியும். அந்த இடுக்கு வழியாக வரும் காற்று கூடத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் விழும். பால்கனிக் கதவை ஒட்டிய மேற்கு மூலை. அந்த மூலையில் குகதாசனின் சாய்வு நாற்காலி இருந்தது. பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் டக்கென்று கால்பலகை எழும்பும், முதுகு சாயும், மனிதன் ஐந்தரை அடிக்கு நீண்டுவிடுவான். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம், எந்தப் பெட்டி எந்த அடுக்கில் நிற்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர் அவர். தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது அந்த ஒரு மூலையைத்தான்.

பிப்ரவரி மாதம் அந்த மூலைக்குப் பியானோ வந்தது. நாற்காலி சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனது. அங்கே சாய்ந்தால் பாதங்கள் இயந்திரத்தில் முட்டும். துணி பிழியும் நேரத்தில் குகதாசனும் சேர்ந்து அதிர்வார்.

பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே தர்மினி பியானோ வகுப்பில் சேர்ந்திருந்தாள். இப்போது இரண்டாம் நிலைத் தேர்வுக்குத் தயாராகிறாள். முதல் தேர்வின்போது கூட உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் எட்டு வயது. ஆன்ட்டி, உங்கள் பிள்ளை எங்கே என்று ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள். அந்த அவமானத்தைத் தீர்க்க தர்மினி தினமும் இரண்டு மணிநேரம் பயிற்சி செய்தாள். எந்த மாடியில் இறங்குவது என்று மறந்துபோன ஆள் லிஃப்டில் ஏறி இறங்குவதைப் போல, அதே எட்டு சுரங்கள் மேலே போகும், கீழே வரும்.

குகதாசன் சும்மா இருக்கவில்லை. கடல் காற்றில் மரம் ஊதிவிடும் என்று முதலில் பயமுறுத்திப் பார்த்தார். அவள் ஆள் கூப்பிட்டு, பியானோவுக்குள் ஈரத்தை உலர்த்தும் சூட்டுக் கம்பி ஒன்றைப் பொருத்திவிட்டாள். வீட்டில் ஈரம் படாத பொருள் இப்போது அது ஒன்றுதான். பிறகு பக்கத்து வீட்டு இக்மலை லிஃப்டில் பிடித்து, சத்தம் தொந்தரவாக இருந்தால் தயங்காமல் புகார் கொடு தம்பி என்றார். இக்மல் பதறிப்போனான். நிறுத்திவிடாதீர்கள் அங்கிள், எங்கள் கைக்குழந்தை அதைக் கேட்டுத்தான் தூங்குகிறது என்றான்.

மிஞ்சியிருந்தது சாமி.

வாசிக்க உட்கார்ந்தால் தர்மினியின் முகம் மேற்குச் சுவரைப் பார்க்கும். அலமாரி கிழக்குச் சுவரில் இருந்தால், தினமும் இரண்டு மணிநேரம் சாமிக்கு முதுகு. இதை அவர் வாயால் சொன்னால் எடுபடாது. குருக்கள் சொல்லவேண்டும். அலமாரி புது இடத்துக்கு வந்ததற்குச் சின்னதாக ஒரு பூசை என்று வெள்ளிக்கிழமைக்கு ஏற்பாடு செய்தார். வந்து பார்த்தால் உங்களுக்கே ஒன்று தோன்றும் என்று போனில் கோடி காட்டியும் வைத்தார்.

குருக்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார். பூசை முடிந்தது. அவருக்குத் தோன்றியதெல்லாம் இங்கே நல்ல காற்று வருகிறது என்பதுதான். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். குகதாசனுக்குப் பொறுக்கவில்லை. ஐயாவுக்கு ஏதாவது வாசித்துக் காட்டேன் என்றார் மனைவியிடம். மூன்று மாதத்தில் அவர் அவளை வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். முதுகு சாமிக்கு நேராக இருந்தது. குருக்கள் கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம் போட்டார்.

வேறு வழியில்லாமல் குகதாசன் நேராகவே கேட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இப்படி சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டு உக்காரலாமா?"

குருக்கள் கண்ணைத் திறந்தார். அறையை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"கூடாதுதான். சாமிக்கு முதுகும் காட்டக்கூடாது, காலும் நீட்டக்கூடாது."

பாதி வாக்கியத்திலேயே குகதாசனின் காது நிறைந்துவிட்டது. மறுபாதிக்கு அங்கே இடமில்லை. தர்மினி வாசிப்பதை நிறுத்திவிட்டு, மரியாதையாக எழுந்து வந்தாள்.

"அப்ப சாமிய மறுபடி பழைய எடத்துலயே வச்சிரலாமா ஐயா?"

"பூசை பண்ணி எழுந்தருளப் பண்ணியாச்சேம்மா. அடுத்த தைப்பூசம் வரைக்கும் அசைக்க வேணாம்."

"அதெப்படி அசைக்கிறது," என்றார் குகதாசன், குருக்களை முந்திக்கொண்டு. "சாமி நகராதுலா. பியானோதான் நகரணும்."

"நகத்திருவோம்," என்றாள் தர்மினி.

இவ்வளவு எளிதாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. குருக்களுக்குத் தட்சிணையைத் தாராளமாக வைத்து, லிஃப்ட் வரை போய் வழியனுப்பினார். அந்த லிஃப்டின் அகலத்தைக் கண்ணால் அளந்தும் பார்த்தார். பியானோ வந்த வழியே போய்விடும். திரும்பி வருவதற்குள் இக்மலும் அவன் தம்பியும் கூடத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். பியானோவின் காலுக்கடியில் பழைய போர்வை விரித்திருந்தது.

"இன்னிக்கேவா? லாரி வேணாமா?" என்றார்.

"பத்தடிக்கு எதுக்குங்க லாரி?"

பியானோ மேற்குச் சுவரிலிருந்து புறப்பட்டுக் கூடத்தைக் குறுக்காகக் கடந்து, கிழக்குச் சுவரில் சாமி அலமாரிக்கு நேர் கீழே போய் நின்றது. அதன் தலைக்கும் அலமாரியின் அடிப்பலகைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. குகதாசன் அந்த மூன்று விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பென்சில் புள்ளிகள் இரண்டும் இன்னும் சுவரில் இருந்தன.

"மேலேருந்து எண்ணெய் சிந்துமே," என்றார் கடைசியாக.

"நேத்தே எண்ணெயில்லாத லைட்டு வெளக்கு வாங்கிட்டேன். இனிமே சாமி மொகத்தப் பாத்துக்கிட்டேதான் வாசிப்பேன். நீங்க எடுத்துச் சொன்னது நல்லதாப் போச்சு."

இக்மலுக்கும் தம்பிக்கும் பொங்கல் கிடைத்தது. அவர்கள் போன பிறகுதான் குகதாசனின் கண் மேற்கு மூலைக்குப் போனது. அது காலியாக இருந்தது. காற்று அங்கே ஆளில்லாமல் வீணாகிக்கொண்டிருந்தது.

பியானோ வீட்டைவிட்டுப் போகவில்லைதான். போகட்டும். அவர் கேட்டது மூலையைத்தானே. நாற்காலியைச் சலவை இயந்திரத்திடமிருந்து மீட்டு, மூச்சிரைக்க இழுத்து வந்து, சுவரோரமாகப் பழைய தடத்திலேயே வைத்தார். பேப்பரை எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தார். கைப்பிடியை இழுத்தார். டக்.

தர்மினி பியானோவுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"கால்," என்றாள்.

குகதாசன் தன் பாதங்களைப் பார்த்தார். அவற்றுக்கு அப்பால், நேர் எதிரே, மாலை வாடாத பிள்ளையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டார். உட்கார்ந்தார்.

"முதுகு."

பிறகு நாற்காலி பக்கவாட்டில் திரும்பும் ஓசை கேட்டது. கால்பலகை எழும்பிப் பால்கனிக் கதவில் இடித்தது.

"துணி காயப்போடப் போக வழி வேணும்."

"பேசாம அலமாரிய..."

"தைப்பூசத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினாள்.

குகதாசன் நாற்காலியை முதலில் இருந்தபடியே திருப்பிப் போட்டார். கைப்பிடியை அழுத்திக் கால்பலகையை உள்ளே தள்ளி மூடினார். உட்கார்ந்து, வலது காலை மடித்தார். பிறகு இடது காலை மேலே தூக்கி அதையும் மடித்து உள்ளே செருகிக்கொண்டார். கடல் காற்று வந்தது.

தர்மினி கீழ்ச் சுரத்திலிருந்து ஆரம்பித்தாள். அவர் கைலியை முழங்கால் மூடும்படி இழுத்துவிட்டுக்கொண்டார்.