வரிசை அண்ணாச்சி லைனில் இருக்கிறார்

இந்த உலகத்தில் வரிசையை முழுசாக நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் இலஞ்சியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தார். மற்றவர்களெல்லாம் முன்னால் நிற்பவன் எப்போது அசருவான் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான், என்னையும் சேர்த்து.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் வரிசை அண்ணாச்சி. போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சாரல் விழத் தொடங்கினால், ஐந்தருவியில் குளிக்க வரும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் விசில் ஊதினால் ஒரு கூட்டம் அருவிக்குள் போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வர வேண்டும். "நனைஞ்சாச்சுல்லா, வெளிய வாங்கவே! அங்கனயே குடித்தனம் நடத்தவா வந்திய?" என்று அவர் போடும் சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

பிரச்சினை என்னவென்றால், வேலை முடிந்தும் அண்ணாச்சி அந்த விசிலை மனதிலிருந்து கழற்றுவதில்லை. சலூன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் நேரே போய் நாற்காலியில் உட்கார மாட்டார். காத்திருக்கிறவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பழைய பேப்பரைப் புரட்டிவிட்டு, அப்புறம்தான் எழுந்து வருவார். "உக்காருங்க அண்ணாச்சி, யாருமில்லல்லா" என்று சலூன்காரர் கெஞ்சினால், "யாருமில்லைன்னா முறை இல்லைன்னு ஆயிருமா?" என்பார். அவருடைய சித்தப்பா மகன் திடீரென்று இறந்துபோனபோது, துட்டி வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் முகம் சிவக்க நின்றார். "எனக்குப் பின்னால பிறந்த பய, எனக்கு முன்னால போயிட்டான் பாத்தியளா? கடைசி வரைக்கும் வரிசை தெரியல அவனுக்கு" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், இசக்கி. வீரகேரளம்புதூரில் சம்பந்தம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. கல்யாணமான முதல் சாரல் சீசனிலேயே சம்பந்தி வீட்டார் ஒரு வேன் பிடித்து ஐந்தருவிக்கு வந்துவிட்டார்கள். வேனுக்குள்ளேயே சம்பந்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்: "ஐந்தருவியே நம்ம சம்பந்தி கையிலதான். நேரா உள்ள போறோம், குளிக்கோம், வாறோம்." தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பீரமாக அருவியை நோக்கி நடந்தார்.

அண்ணாச்சி விசில் ஊதினார்.

"சம்பந்தி, பின்னால போய் நில்லுங்க."

"என்னது? சம்பந்திக்கும் வரிசையா?"

"தண்ணிக்குச் சம்பந்தி எல்லாம் தெரியாதுல்லா."

வரிசையில் நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டாமல் இருந்திருந்தால் சம்பந்தி ஒருவேளை சிரித்துச் சமாளித்திருப்பார். அவர் திரும்பிப் போய் வேனில் ஏறினார். குடும்பமே குளிக்காமல், எண்ணெய் வழிய வழிய, வீரகேரளம்புதூர் போய்ச் சேர்ந்தது. வேன்காரர் சீட் உறையெல்லாம் நாசமாய்ப் போனதென்று தென்காசி முழுக்கப் புலம்பினார்.

இசக்கி அன்று சாயங்காலமே போன் பண்ணினாள். "எங்க மாமா எண்ணெய் வழிய ஊருக்குள்ள இறங்குதாவ, தெருவே நின்னு சிரிக்கி. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லாம நான் உங்ககிட்ட பேச மாட்டேன்." அண்ணாச்சியும் விடவில்லை. "நான் முறையாத்தான் நடந்துக்கிட்டேன். கோவிச்சுக்கிட்டவதான் முதல்ல பேசணும். இனி அவ முறை" என்றார். அவள் புருஷனோடு துபாய் போனாள். பேரன் பிறந்தான். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, மகளோடு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். அண்ணாச்சி ஏதோ வேலை இருப்பதுபோலப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேரன் மழலை பேசுவதைக் கேட்பார். வாய் திறக்க மாட்டார். அவள் முறையல்லவா!

அந்தச் சமயத்தில்தான் அந்த டிவி நிகழ்ச்சி வந்து சேர்ந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊர் அடங்கிய பிறகு வரும். ஒரு நடிகரின் கண்ணையும் இன்னொரு நடிகரின் வாயையும் ஒட்டவைத்து, "இவர்கள் யார்?" என்று கேட்பார்கள். கைக்குழந்தைக்கும் தெரிகிற முகமாக இருக்கும். ஒரு பெண் கையைக் கையை ஆட்டி, "யாருமே கால் பண்ண மாட்டேங்கறீங்களே! ஒரே ஒரு கால்! இன்னும் கொஞ்ச நேரம்தான்!" என்று உயிர் போகிற மாதிரி கெஞ்சுவாள். போன் போட்டால், "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு குரல் வரும். காத்திருக்கக் காத்திருக்க ரீசார்ஜ் கரையும். கடைசியில் எவனோ ஒருவன் லைனில் வந்து, மீசை வைத்த கதாநாயகனுக்கு ஒரு நடிகையின் பெயரைச் சொல்வான்.

துபாயில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இசக்கி தினமும் இதைத்தான் பார்க்கிறாள் என்று மதினி பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாளிலிருந்து அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார். போனில் பேசத்தானே போகிறீர்கள், சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மதினி கேட்டதற்கு, "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றாராம்.

பேசப்போவதை என்னிடம் ஒப்பித்தும் காட்டினார். முதலில் சரியான பதில். பிறகு, "ஏட்டி இசக்கி, நான் அப்பா பேசுதேன். நல்லாயிருக்கியா? பய நல்லாயிருக்கானா?" அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, இதை நேரா அவளுக்கே போன் போட்டுச் சொல்லலாம்ல?" என்றேன்.

"அது எப்படிப் போடுதது? அவ முறைல்லா."

"டிவியில பேசினா மட்டும்?"

"டிவியில பேசுதது கணக்குல சேராது தம்பி. அது பொது."

இப்படி ஒரு சந்து கண்டுபிடிக்க எத்தனை நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டாரோ, தெரியாது. நான் விடவில்லை. "அந்தப் பொண்ணு யாருமே கால் பண்ணலைங்கா. போன்ல வரிசைங்கான். ரெண்டுல ஒண்ணு பொய்தானே?" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அருவிக்குள்ள நின்னு குளிக்கவனுக்கு வெளிய எம்புட்டுப் பேரு நிக்கான்னு தெரியுமா? தெரியாது. அந்தப் பிள்ளை உள்ள நிக்கி. அதுக்கு வெளிய நிக்க கூட்டம் எப்படித் தெரியும்?"

வாழ்நாள் முழுக்க வரிசையை நடத்தியவரிடம் இதற்குமேல் என்ன வாதாடுவது? எங்கள் தெருவில் அத்தனை பேரும் அந்த நிகழ்ச்சியைத் திட்டினோம், அவர் மட்டும் திட்டவில்லை. தப்பான பதில் சொல்கிறவனைக்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். "விடுலே, அவன் முறை. தப்பாச் சொல்லவும் அவனுக்குப் பாத்தியதை உண்டு" என்பார். பாதியில் போனை வைக்கவும் மாட்டார். வரிசையை விட்டு விலகினால் மறுபடி கடைசியில்தானே நிற்க வேண்டும்! அந்த டிவிக்காரர்கள் வேறு எந்த வார்த்தையைப் போட்டு ஏமாற்றியிருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இருந்திருக்காது. போயும் போயும் 'வரிசை' என்ற வார்த்தையா அவர்களுக்குக் கிடைத்தது?

அடுத்த சீசனில் வெளியூரிலிருந்து வந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு நான் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். எனக்கு முன்னால் சென்னைப் பையன்கள் சிலர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன், "சார், இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டான். ஊதப்போன விசிலை அண்ணாச்சி வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"தம்பி, உங்களுக்குச் செங்கோட்டையா?"

"இல்ல சார், சென்னை."

"போன வாரம் டிவியில செங்கோட்டை குமாருன்னு பேசினது நீங்கதானவே? அதுக்கு முந்தின நாளு மதுரை பாண்டியும் நீங்கதான். குரலு அப்படியே இருக்கு."

பையன் வாய்விட்டுச் சிரித்தான். பொல்லாத பையன் இல்லை. தன் குரலை ஒருவர் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் அவனுக்கு. "செம காது சார் உங்களுக்கு! நான் அங்கதான் வேலை பார்க்கிறேன். பக்கத்து ரூம்ல இருந்து நாங்கதான் மாத்தி மாத்திப் பேசுவோம். வெளியில இருந்து வர்ற காலை எடுக்கவே மாட்டோம் சார். சரியான பதில் தெரிஞ்சவன் உள்ள வந்துட்டா நிகழ்ச்சி முடிஞ்சிடுமே!"

"அப்ப வரிசை?"

"வரிசையா? அது ரெக்கார்டிங் சார். யார் போட்டாலும் அதேதான் சொல்லும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் அந்தப் பையனின் முறை வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அவனைக் கடைசிக்குத் துரத்தியிருப்பார்கள், நான் துரத்தியிருப்பேன். அண்ணாச்சி வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "போங்க. உங்க முறை வந்துட்டு" என்றார்.

பையன் உள்ளே போனான். குளித்தான், குளித்தான், குளித்துக்கொண்டே இருந்தான். வெளியே வரச்சொல்லி விசில் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கியபோதும் அண்ணாச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் விசிலைக் கழற்றி இன்னொரு ஆளிடம் கொடுத்துவிட்டு, எங்களோடு ஆட்டோவில் ஏறினார். வீட்டு வாசலில் இறங்கியதும், "நானும் எம் பிள்ளைக்கு ரெக்கார்டிங்தான போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி. உன் முறை, உன் முறைன்னு" என்றார்.

உள்ளே போய் மதினியிடம் போனை வாங்கினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் இசக்கி அம்மா என்று கூப்பிட்டிருப்பாள் போலிருக்கிறது. "அம்மா இல்லட்டி, அப்பா" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் வாசலுக்குக் கேட்டது. கடைசியில் அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அடுத்த சீசனுக்கு எல்லாரும் வாங்க. உங்க மாமாவையும் கூட்டிட்டு வா. வரிசையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் உங்களை நேரா முன்னால கூட்டிட்டுப் போறேன்."

அந்தச் சீசனை அவர் பார்க்கவில்லை. பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை சீசன்கள் வீம்பிலும் டிவியிலுமே போய்விட்டன.

மறுநாள் துட்டிக்கு வந்த கூட்டம் அவர் வீட்டு வாசலில் முண்டியடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே தெருக்கோடிவரை வரிசையாக நின்றார்கள். அருவிக்கரை எண்ணெய்க் கடைக்காரர்கள், சலூன்காரர், அந்த வேன்காரர் எல்லோரும் நின்றார்கள். வீரகேரளம்புதூர் சம்பந்தி வந்து, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், பின்னால் போய் நின்றார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து செங்கோட்டை வழியாக இசக்கியின் கார் வந்து நின்றது. மொத்த வரிசையும் ஒதுங்கி வழிவிட்டது. "ஏட்டி இசக்கி, முன்னால வாட்டி" என்று பெண்கள் அழுதுகொண்டே கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தபடி, வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.

"வேண்டாம் சித்தி. அப்பா விசில் ஊதுவாவ."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நேரமாகிறது, எடுக்க வேண்டும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். சம்பந்திதான் கையைக் காட்டி நிறுத்தினார். அவளுடைய முறை வரும்வரை நாங்கள் யாரும் அண்ணாச்சியைத் தூக்கவில்லை.