மஞ்சள் விளக்கு எரியும்வரை ஓட்டிய கார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இந்நேரம் அவள் அம்மாவுக்கு ஃபோன் வந்திருக்கும்.

பழைய கார் வாங்குமுன் கோளாறு பார்ப்பதற்கு நீங்கள் அனுப்பிய ஸ்கேனர் வந்து சேர்ந்தது. "ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகுங்க மாமா, கோளாறு ஒண்ணும் காட்டலைன்னா கண்ண மூடிட்டு வாங்கிடுங்க" என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கிப் பழக்கமில்லாததால் அதன் விளக்கப் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். நீங்கள் படிக்கவில்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

கார் உங்கள் அத்தைக்காகத்தான். முழங்கால் வலியில் அவளால் ஸ்கூட்டரில் ஏற முடியவில்லை. ஆனாலும் நான் பார்த்த கார்களை எல்லாம் வேண்டாம் என்று சொன்னதில் அவளுக்கு ஏகப்பட்ட வருத்தம். "இதுதான் கடைசி. இதையும் நொட்டை சொன்னீங்கன்னா கார் பேச்சையே எடுக்காதீங்க, நான் வீட்லயே கிடந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் என்னோடு புறப்பட்டாள்.

விற்கிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கருவியைச் சொருகினேன். கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. "பாத்தீங்களா சார், பச்சக் குழந்தை மாதிரி இருக்கு வண்டி" என்றார். நான் அடுத்த பக்கத்தைத் தட்டினேன். கார் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் சோதனைகளில் பாதிக்கு மேல் முடியவில்லை என்று இருந்தது. அதாவது, பழைய கோளாறுகளை யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், கார் இன்னும் தன்னைச் சரிபார்த்து முடிக்கவில்லை. "பரீட்சையே எழுதாத பையன் ஃபெயில் ஆகலைன்னு பெருமப்படுறீங்களே" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "அப்படின்னா என்ன சார் செய்யணும்?" "ஓட்டணும். அது பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் ஓட்டணும்." வீம்புக்கு அவரும் சாவியை எடுத்தார்.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் கருவியோடு, அத்தை பின்னால். ஊரைச் சுற்றினோம். சும்மா சுற்றுவானேன் என்று அத்தை வழியில் மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தாள், தலையணை உறை வாங்கினாள், மாடிப்படிக்குப் பயந்து பார்க்கப் போகாமலே இருந்த தன் தோழியைக் கீழே வரவழைத்துக் காருக்குள்ளேயே உட்கார வைத்து ஊர்க்கதை பேசினாள். கண்ணாடிக்காரர் முகம் சுளிக்கவில்லை. அத்தையின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருப்பதைப் பார்த்து, சிக்னலில் நின்ற நேரத்தில் வளைத்துச் சரிசெய்தும் கொடுத்தார். நம் குடும்ப விவகாரம் பாதி இப்போது அவருக்குத் தெரியும். உங்களைப் பற்றியும் பேச்சு வந்தது, நல்லவிதமாகத்தான்.

ஏரிக்கரை ரோட்டில் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. "என்ன அது?" என்றேன். "எது சார்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார், ஊருக்கே பார்வை பார்த்துக் கண்ணாடி கொடுக்கிற மனுஷன். புகையை அளந்து சொல்லும் சென்சார் போயிருக்கிறது என்று கருவி காட்டியது. அதற்குமேல் அவர் மறைக்கவில்லை. "ஆமா சார், முந்தாநாள்தான் அழிக்கச் சொன்னேன்" என்று தலையைச் சொறிந்தார். ஒளித்து விற்கிறவரிடம் வாங்குவதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். எனக்கு மனசு நிறைவாகத்தான் இருக்கிறது. சொன்னது நான்தானே, நடந்ததும் அதுதானே. கருவியைத் திருப்பி அனுப்புகிறேன். இனி கார் பேச்சு இந்த வீட்டில் கிடையாது.

மகளுக்கு என் ஆசிகள். உங்கள் அம்மா அப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: இதை எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வாசலில் அதே கார், மஞ்சள் விளக்கோடு. அத்தை கண்ணாடிக்காரருக்கு ஃபோன் போட்டு வரவழைத்து, சென்சார் மாற்றும் செலவை அவர் தலையில் கட்டி, பேசி முடித்தேவிட்டாள். "கோளாறு இருக்குன்னு தெரிஞ்சே வாங்குறியே" என்றேன். "தெரிஞ்ச கோளாறோட குடும்பம் நடத்துறது எனக்கென்ன புதுசா?" என்றாள். ஆகவே மேலே "வாங்குவதில்லை" என்று எழுதிய இடத்தை விட்டுவிட்டுப் படிக்கவும். நாங்கள் தோழி வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஸ்கேனரோடு ஏறினால் இறக்கிவிட்டுவிடுவதாகச் சொல்லி ஹாரன் அடிக்கிறாள்.