எந்த ஊர்ப் பிடி?

பிலோமினா அக்கா, இந்தக் கதையைச் சொல்கிற உரிமை உன்னுடையது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் காப்பி டம்ளரை வாயில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவாய். நான் நடுவில் திருத்தம் சொன்னால், “நீ சும்மா இருடி, கழுத்த நெரிச்சவ சாட்சி செல்லாது” என்று அடக்கிவிடுவாய். இப்போது என்னை அடக்க ஆள் இல்லை. அதனால் நானே சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் கனவில் வந்து திருத்து.

மற்றவர்களுக்கு: நான் லூர்து. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். (இரண்டு பேருக்குமே நிம்மதி.) இதுவரை எந்தப் போட்டியிலும், ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிற போட்டியில்கூட, நான் ஜெயித்தது கிடையாது. ஆனால் ஒரு எம்.எம்.ஏ. சாம்பியனை, வெளிநாடு வரை போய்ப் பட்டம் வாங்கிய பெண்ணை, இந்த இரண்டு கையால் மேடையில் மயக்கம் போட வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வெட்கத்துக்குத்தான் சொல்கிறேன்.

எம்.எம்.ஏ. என்றால் என்ன என்று அக்காதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். “குத்தலாம், ஒதைக்கலாம், மல்லுக்கட்டலாம், கழுத்தப் புடிக்கலாம். கடிக்க மட்டும் கூடாது.”

“கடிக்கக் கூடாதுன்னா இன்னாக்கா சண்ட அது?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த சண்டையெல்லாம் அவளோடு போட்டதுதான்.

ஓசூரில் எங்களுக்கு ஒரு ரூம். தினமும் கம்பெனி பஸ்ஸில் சூளகிரி தாண்டிப் போய் வேலை பார்ப்போம். (கம்பெனி பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.) அக்கா அங்கே எட்டு வருடமாக இருந்தவள். லைனில் பொருளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. கூட இருந்த பெண்களிடம் கன்னடம் பேசிப் பேசி, திட்டுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டாள். நான் புதுசு. பேக்கிங் செக்ஷன். கன்னடத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ஷிப்ட் முடிந்து வந்ததும் அக்கா போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைப்பாள். கம்பிவலைக் கூண்டுக்குள் உலகச் சாம்பியன்கள் அடித்துக்கொள்வார்கள். அவர்கள் பெயர் எதுவும் எங்கள் வாயில் நுழையாது. அதனால் அக்காவே பெயர் வைத்துவிட்டாள். காது நசுங்கிக் காலிஃப்ளவர் மாதிரி ஆகிப்போன ஒருவர் ‘கோபிக்காது’. மணி அடிக்கும் வரை கூண்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறவர் ‘செக்குமாடு’. வருடக்கணக்காகப் பட்டத்தை யாருக்கும் கொடுக்காத ஒரு பெண் ‘ரோஸி அத்தை’. எங்கள் சொந்த ரோஸி அத்தையிடமும் யாரும் எதையும் திரும்ப வாங்கியதில்லை.

அக்காவுக்கு அந்தக் கூண்டுக்குள் ஒரு தடவை நின்று பார்க்க ஆசை. ஆனால் அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. அந்த வருடம்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. குதிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூண்டில் இந்த இரண்டைத் தவிர வேறு வேலை கிடையாது.

அப்போதுதான் கம்பெனியில் பெண்கள் பாதுகாப்புக்கு ஒரு நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு சாம்பியன் வருகிறார், தொழிலாளர்களில் ஒரு பெண் மேடைக்குப் போய் அவர் கழுத்தைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும், அதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று அவர் காட்டுவார். கம்பெனி முழுக்க அக்காவின் பைத்தியம் தெரியும் என்பதால் எல்லாரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். கம்பெனி நர்ஸ் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. போனையும் குடத்தில் சாய்க்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்.

“லூர்து, நீ போறியா? என் கையா நீ போடி.”

“எனக்கு இன்னாக்கா தெரியும்?”

“நான் சொல்லித் தரேன். நீ ஒண்ணே ஒண்ணு செய்யணும். எல்லாம் முடிஞ்சதும் ‘எங்கக்கா கீழ நிக்கறா’ன்னு சொல்லி என்ன மேல கூப்புடு. இல்லன்னா ஹெச்.ஆர். சாரு மேடைகிட்டயே விடமாட்டாரு. ஒரு போட்டோ, ரெண்டு வார்த்த. அது போதும்டி எனக்கு.”

பயிற்சி ஆரம்பித்தது. எங்கள் இலவம்பஞ்சுத் தலையணைதான் சாம்பியன். முழங்கை மடிப்பு அதன் தாடைக்குக் கீழே வர வேண்டும். அடுத்த கை பின்மண்டைக்கு. பிறகு இறுக்க வேண்டும். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, “தாடைக்குக் கீழடி, வாய மூடாத, அது மூச்சு விடட்டும்” என்று தலையணைக்காகப் பரிதாபப்படுவாள். ஒரு வாரத்தில் தலையணை இரண்டு இடத்தில் பிய்ந்து, ரூம் முழுக்கப் பஞ்சு பறந்தது. அக்கா கை தட்டினாள்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேக்கிங்கில் பெரிய பெட்டிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கையால் இறுக்குவதுதான் என் வேலை. பெட்டி ‘கிர்ர்’ என்று சத்தம் போடுகிற வரைக்கும் இழுக்க வேண்டும். சத்தம் வந்தால் சரியாக இறுகிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க இதைச் செய்கிறவளின் கை எப்படி இருக்கும் என்று அந்தச் சாம்பியனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

நிகழ்ச்சி அன்று கேன்டீன் ஹாலில் மேடை. சாம்பியன் என்னைவிடக் குள்ளம். சிரித்த முகம். காது மட்டும் கொஞ்சம் கோபி. சட்டையில் சின்ன மைக் குத்தியிருந்தார். கன்னடம், இங்கிலீஷ், உடைந்த தமிழ் மூன்றையும் கலந்து பேசினார். தமிழில் சொல்ல வேண்டிய ஹெச்.ஆர். சார் போட்டோக்காரருக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் போய் நின்றேன். சாம்பியன் திரும்பிப் பார்த்துத் தமிழிலேயே, “பயப்படாதே. கெட்டியா பிடி” என்றார். பிறகு பாதி இங்கிலீஷில், “நான் டேப் பண்ணா, ரிலீஸ்” என்றார்.

பேக்கிங்கில் டேப் என்றால் பழுப்பு டேப். அதை ஒட்டிய பிறகு பெட்டியை லாரிக்கு ரிலீஸ் பண்ணுவோம். இவ்வளவு பெரிய சாம்பியன் என் வேலையைப் பற்றியெல்லாம் விசாரிக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆமாங்க மேடம்” என்றேன்.

மூன்று எண்ணியதும் பிடிக்கச் சொல்லியிருந்தாராம். நான் ஒன்றுக்கே பிடித்துவிட்டேன்.

தாடைக்குக் கீழே சரியாகக் கை போய் உட்கார்ந்தது. தலையணையைவிட வசதியாக இருந்தது. சாம்பியன் என் கையை மெதுவாகத் தட்டினார். தட்டிக் கொடுக்கிறார்! (எங்கள் வீட்டில் என்னை யாரும் தட்டிக் கொடுத்ததே இல்லை. தட்டியிருக்கிறார்கள்.) உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இன்னும் வேகமாகத் தட்டினார். மைக்கில் அவர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“பிடி… பிடி…”

பிடித்தேன். ஹாலில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து நின்று, “பிடி! பிடி! பிடி!” என்று கத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டமே எனக்காகக் கத்துகிறது. விடுவேனா? அப்போது மைக்கில் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. நன்றாக இறுகிவிட்டது என்று திருப்தியோடு கையை எடுத்தேன். சாம்பியன் பட்டை அறுந்த பெட்டி மாதிரி அப்படியே என் காலடியில் சரிந்தார்.

பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்ன டேப் ஒட்டுகிற டேப் இல்லை, தட்டுவதாம். கன்னடத்தில் ‘பிடி’ என்றால் ‘விடுங்கள்’ என்று அர்த்தமாம். முதல் எழுத்தை மட்டும் ‘பீடி’யில் வருகிற ‘பி’ மாதிரி அழுத்திச் சொல்வார்களாம். பேப்பரில் எழுதினால் அந்த வித்தியாசமும் இல்லை. அன்றைக்கு ஹாலில் பாதிப் பேர் என்னைப் பிடிக்கச் சொல்லியும், பாதிப் பேர் விடச் சொல்லியும், எல்லாரும் சேர்ந்து ஒரே வார்த்தையைக் கத்தியிருக்கிறார்கள். எந்தக் குழப்பமும் இல்லாமல் “விடுடி எருமே!” என்று கத்தியவள் அக்கா ஒருத்திதான். அது எனக்குக் கேட்கவில்லை.

அடுத்து நான் பார்த்தபோது அக்கா மேடைமேல் இருந்தாள். ஓடக் கூடாதவள் ஓடியே வந்திருக்கிறாள். நேராகப் போய்ச் சாம்பியனின் இரண்டு காலையும் பிடித்துத் தூக்கினாள்.

ஹெச்.ஆர். சார் பதறிப்போய், “கால்ல எல்லாம் விழ வேணாம்மா! தங்கச்சி தெரியாம செஞ்சிடுச்சு, எழுந்திரு!” என்றார்.

“விழல சார்! ரத்தம் தலைக்குப் போறதுக்கோசரம் தூக்கறேன். மயங்கி விழுந்தா கூண்டுல இப்படித்தான் செய்வாங்க. நீங்க ஒரு காலப் புடிங்க!”

சார் ஒரு காலைப் பிடித்தார். சாம்பியனோடு வந்திருந்த பயிற்சியாளர் ஓடி வந்து, “பிடி சார், பிடி!” என்று கத்தினார்.

“பிடிச்சுட்டுத்தானே இருக்கேன்!” என்று சார் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

நான் ஒரு மூலையில் நின்று, கம்பெனி கோட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலை போச்சு, அக்கா வேலையும் போச்சு, ஜெயிலில் இரண்டு பேருக்கும் ஒரே ரூம் கொடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாம்பியன் கண்ணைத் திறந்தார். “ஏனாய்த்து?” என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். அக்காதான், அவர் காலைக் கையில் வைத்துக்கொண்டே, மரியாதையாக, “நீவு மலகிபிட்ரி, மேடம்” என்றாள். நீங்க தூங்கிட்டீங்க என்று அர்த்தம்.

“யாரு மாடித்து?” யார் செய்தது என்று கேட்டார்.

“நன்ன தங்கி” என்று அக்கா என்னைக் காட்டினாள். அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கும் அர்த்தம் புரிந்தது. என் அழுகை இரண்டு மடங்கு ஆனது.

சாம்பியன் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மைக் இன்னும் சட்டையிலேயே இருந்ததால் ஹாலே அதிர்ந்தது. எழுந்து உட்கார்ந்து, என் கையைத் தொட்டுப் பார்த்து, பயிற்சியாளரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இந்தப் பெண்ணை வேலைக்கு எங்கே சேர்த்திருக்கிறார்கள், கல் குவாரியிலா என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் அக்காவோடுதான் பேசிக்கொண்டிருந்தார். உலகச் சாம்பியன்களைப் பற்றிய பேச்சு. அக்காவுக்கு யார் பெயரும் தெரியாது என்பதால் எழுந்து நடித்தே காட்டினாள். செக்குமாடு மாதிரி மேடையைச் சுற்றி நடந்தாள், ரோஸி அத்தை மாதிரி தாடையைத் தூக்கினாள். சாம்பியன் ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பெயர் சொல்லிக் கைதட்டினார். கடைசியில் போட்டோ எடுத்தார்கள். நடுவில் சாம்பியன், கண் இன்னும் கொஞ்சம் சொருகியபடி. ஒரு பக்கம் நான், மூக்கு சிவந்தபடி. இன்னொரு பக்கம் அக்கா. அவ்வளவு பல்லை நான் அவள் வாயில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஒருவழியாக எனக்குப் பேச்சு வந்தது. “தட்டுனா விடணும்னு ஏன்க்கா நீ சொல்லவே இல்ல?”

“தலகாணி எங்கடி தட்டுச்சு?” என்றாள்.

“உன்ன மேல கூப்புடவே மறந்துட்டேன்க்கா.”

“நீ எங்க மறந்த? ஊருக்கே கேக்கற மாதிரி கூப்ட்டியே!”

என் வேலை போகவில்லை. சாம்பியன் போகும்போது ஹெச்.ஆர். சாரிடம் என்னைத் திட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த வருடம் மட்டும் கம்பெனியில் யோகா வகுப்பு வைத்தார்கள், அதுவும் தனித்தனிப் பாயில்.

வீட்டில்தான் என் மானம் போனது. அம்மா குழம்புச் சட்டியை நீட்டி “பிடிடி” என்பாள். அடுப்படியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ அக்கா குரல் வரும்: “எந்த ஊரு பிடிம்மா? தெளிவா சொல்லு, அவ கையில சட்டி இருக்கு!” மாமா மகன் கல்யாணத்தில் சாமியார் மணமக்களை வலது கையைப் பிடிக்கச் சொன்னபோது, பின் பெஞ்சிலிருந்து அக்கா மெதுவாக, “எந்த ஊரு பிடி, ஃபாதர்?” என்றாள். எங்கள் வரிசை முழுக்கக் குலுங்கியது. ரோஸி அத்தை எல்லாரையும் முறைத்தார். அதிலும் அத்தைதான் ஜெயித்தார்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு மறுபடியும் முடியாமல் போனது. இந்த முறை ஆபரேஷனுக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவளால் சரியாகப் பேச முடியவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மதியம் கண்ணைத் திறந்து, உதட்டை அசைத்து, “பிடி” என்றாள். ‘பி’ எந்தப் ‘பி’ என்று தெரியாத அளவுக்கு மெல்லிய குரல்.

“எந்த ஊரு பிடிக்கா?” என்றேன்.

சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், அம்மாவும் பார்த்தாள். என் உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினாள்.

தட்டினால் என்ன அர்த்தம் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் விடவில்லை.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் ரூமில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடத்தில் போனைச் சாய்த்து வைத்து நான் மட்டும் சண்டை பார்க்கிறேன். செக்குமாடு போன வாரம் தோற்றுவிட்டார் அக்கா. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

இதைப் படித்துச் சிரித்தவர்கள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். எங்கள் பிலோமினாவுக்காக ஒரே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லுங்கள். அது தெரியாதவர்கள் உங்கள் சாமியிடம் உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொல்லுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சொல்லி முடித்த பிறகு, “ஆண்டவரே, அவளைக் கெட்டியா பிடி” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் ‘பி’யை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊத்தங்கரைப் பிடி. ஆண்டவருக்கு எந்த பாஷை வீட்டு பாஷையோ, யாருக்குத் தெரியும்?