காலா, நெஞ்சா

தன் வேர்க்கடலைக் கடையில் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த குந்துநாதனால் எழுந்திருக்க முடியவில்லை. மல்லாட்டை மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். தொடை இரண்டும் விண்ணென்று தெறித்தன.

பக்கத்து உரக்கடை அன்புமணி எட்டிப் பார்த்தான்.

"இன்னா நயினாரே, கீழயே ஒக்காந்துட்டீங்க?"

"சாவி தேடறேன்."

"கையில இருக்குதே."

அன்புமணி அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். குந்துநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"மாத்திரை வேலையைக் காட்டிடுச்சுப்பா."

போன மாதம் ரத்தம் பார்த்தபோது கொழுப்பு கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. விட்டால் நெஞ்சை அடைக்கும் என்று சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். மருந்து வாங்கி வந்தவள் மருமகள் ஜினப்பிரியா. தினமும் காலையில் இட்லி தின்று முடித்ததும் ஒரு மாத்திரையும் தண்ணீரும் வைப்பாள். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் விழுங்குவார்.

எல்லாம் சரியாகத்தான் போனது, செல்போனில் அந்த வீடியோவைப் பார்க்கும்வரை. கொழுப்பு மாத்திரை போடுகிற சிலருக்குச் சதை வலி வரலாம் என்று அதில் ஒருவர் சொன்னார். அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இவருக்கு இடது கெண்டைக்காலை இழுத்தது.

"டாக்டரண்ட சொல்ல வேண்டியதுதான?" என்றான் அன்புமணி.

"சொன்னா நிறுத்தச் சொல்லுவாரு. நிறுத்துனா நெஞ்சு அடைச்சிக்கும். நிறுத்தலன்னா காலு போயிடும். நான் எதை விடறது?"

அன்புமணி யோசித்தான். "மொதல்ல கால்ல பலம் இருக்குதான்னு பாருங்க. ஒக்காந்து ஒக்காந்து எழுந்திரிங்க."

அன்று ஆள் வராத நேரமெல்லாம் மூட்டைகளுக்கு நடுவே குந்துநாதன் தோப்புக்கரணம் போட்டார். மறுநாள் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறப் படிக்கட்டுக்குக் காலைத் தூக்கினால், கால் வரவில்லை.

சதை கரைகிறது. சந்தேகமே இல்லை. எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க ராஜகிரிக் கோட்டைக்குப் போய், சுற்றிப் பார்க்க வந்தவர்களோடு கொஞ்சம் படி ஏறினார். இறங்கும்போது சுவரைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினார். வீட்டு வாசலில் ஆட்டோக்காரர்தான் அவரைத் தூக்கி இறக்கிவிட வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார். மருமகள் தட்டைக் கழுவத் திரும்பியதும் சாக்கடையில் துப்பினார். மதியத்துக்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடைக்கத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்து, நெஞ்சைக் கையால் அமுக்கியபடியே பொழுதை ஓட்டினார்.

மறுநாள், "இன்னிக்கு ரெண்டா குடும்மா" என்றார்.

"எதுக்கு மாமா?"

"சீக்கிரம் கரையட்டும்."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். விழுங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது, சதையும் இரண்டு பங்கு கரையுமே என்று. கடைக்குப் போவதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"மேல ஏறிடுச்சு அன்பு."

"காதுக்கு வந்ததும் சொல்லுங்க நயினாரே, சேர்ந்தே டாக்டரண்ட போவலாம்."

அதுவரை ஜினப்பிரியா காத்திருக்கவில்லை. மாமனார் வாசற்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தவள், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். குந்துநாதன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திரும்ப ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"சதைக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஆனா கொழுப்பு கொஞ்சம்கூடக் குறையல. மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?"

குந்துநாதனுக்கு அழுகை முட்டியது. "ஒரு நாள்தான் சார் துப்புனேன். மத்தபடி என் ரெண்டு காலையும் அந்த மாத்திரைக்கே குடுத்துட்டேன்."

டாக்டர் மருமகள் பக்கம் திரும்பினார். ஜினப்பிரியா தயங்கித் தயங்கிப் பையிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு எழுதியிருந்தீங்க சார், நாங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சா எங்க வூட்ல யாரும் சாப்பிடறதில்ல, அதனால பிரிக்கவே இல்ல, மாமா தினம் போட்டது காலையில குடுக்கச் சொன்னீங்களே, அந்தச் சத்து மாத்திரை."