ஊருக்கெல்லாம் பிரஷர் பார்ப்பவர்

மனித குலத்தில் ஓர் இனம் உண்டு. அடுத்தவர் கை என்றால் அதற்கு உயிர். கைரேகை பார்ப்பவரைச் சொல்லவில்லை. வீட்டில் பிரஷர் மெஷின் வைத்திருப்பவரைச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். நம்மவருக்குப் ‘பம்ப் மாமா’ என்று பெயர். கதவைத் திறந்து ‘வாங்க’ என்பார். நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சட்டைக் கையைச் சுருட்டி, பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, ‘பேசாதீங்க, பேசினா ஏறும்’ என்று அதட்டி, எதற்காக வந்தீர்கள் என்பதையே உங்களுக்கு மறக்கடித்துவிடுவார். பிறகு ஒரு ‘ம்ம்ம்’. அந்த ‘ம்ம்ம்’ இருக்கிறதே, நோய் நொடி இல்லாதவனுக்கும் வியர்த்துவிடும்.

“மாப்ளே, ரத்த ஓட்டம் சரியில்ல.”

“மூணு மாடி ஏறி வந்திருக்கேன் மாமா.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.”

மெஷின் இல்லாத இடத்தில் நகம். நகத்தை அமுக்கி விட்டு, சிவப்பு திரும்புகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் மேடையேறி, கை குலுக்கிய மாப்பிள்ளையின் விரலை விடாமல், “ஜில்லுன்னு இருக்கே!” என்றார். பெண் வீட்டார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

தன்னைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா? பார்ப்பாரே. தன் கையிலும் பட்டை கட்டுவார்; நார்மல் என்று வரும்; அன்றைக்கு முழுக்க மாமாவுக்குத் தலைகால் புரியாது.

ஆனால் சிகரெட்டும் கையுமாக மார்க்கெட்டுக்குப் போகும்போது, தெருமுனை வருவதற்குள்ளேயே நின்றுவிடுவார். நின்று, பூட்டிக் கிடக்கும் கடைக் கண்ணாடியை ஆசையாகப் பார்ப்பார். கொஞ்சம் நடப்பார். மறுபடி நிற்பார். ஒரு நாள் அவர் நின்றது பெண்களுக்கான தையல் கடை வாசலில்.

“என்ன, ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

“டிசைன் பாக்கறேன்.”

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பயம். ஊர் கையையெல்லாம் பிடித்துப் பார்த்த மனுஷன் தன் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

செருப்புக் கடித்த கால் விரல் புண் ஆறாமல் கறுக்கத் தொடங்கியதும் மனைவி அழுதேவிட்டாள். “கால் போயிடுமோன்னு பயமா இருக்குங்க. கிளம்புங்க, இல்லேன்னா அந்த மெஷினைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்!” மாமா உடனே கிளம்பினார். மெஷினுக்காகத்தான்.

ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கும் பெண் அவரைப் படுக்க வைத்தாள். கையில் பட்டை கட்டிப் பார்த்தாள். மாமா பெருமையாகக் கிடந்தார். அடுத்து கணுக்காலில் கட்டினாள். மாமா துள்ளி எழுந்தார்.

“அம்மா, தப்பான இடத்துல கட்டறீங்க. அது கையில கட்டறது.”

“வலி எங்க சார்?”

“கால்ல.”

“அப்புறம்?”

மாமா படுத்துக்கொண்டார். பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்ததும் ரத்த ஓட்டம் ஒலிபெருக்கியில் கேட்டது. கையில் ‘உஷ், உஷ்’ என்று ஓடியது, கணுக்காலில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தது. மாமா மனைவியின் கையைப் பிடித்தார். நாடி பார்ப்பதற்காக இல்லை.

“கையில இருக்கிற பிரஷர்ல பாதிதான் கால்ல இருக்கு. தொடையில ரத்தக் குழாய் அடைச்சிருக்கு,” என்றார் டாக்டர். “இப்பவாவது வந்தீங்களே! சிகரெட்டை இன்னையோட விடுங்க. அடைப்பை எடுத்துட்டா காலைக் காப்பாத்திடலாம். இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“ஊருக்கெல்லாம் பிரஷர் பாத்துட்டிருந்தார் டாக்டர்,” என்றாள் மனைவி.

கால் பிழைத்தது. மாமா திருந்தினாரா? நல்ல கேள்வி! இப்போது அவர் வீட்டுக்குப் போனால் சோபாவில் படுக்கச் சொல்கிறார். பட்டை கணுக்காலில்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்கும்போதே ‘அட, இதை நம்ம மச்சானுக்குக் காட்டணுமே, அவன்தான் உடம்பைக் கவனிக்கவே மாட்டேங்கறான்’ என்று தோன்றியதா? அப்படியென்றால் மச்சானை விடுங்கள். முதலில் நீங்கள் போய்ப் படுங்கள்.