மாட்டுக்கும் உண்டு, ரூபாவதிக்கு இல்லை

சரோஜினி நகர்,
புது தில்லி.

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சான், போதகர் தேவசகாயம் அவர்களுக்கு ஆசீர் எழுதுவது. தில்லிப் புகையையும் குளிரையும் கழித்துவிட்டால் நானும் உங்கள் தங்கை ரூபாவதியும் சுகம். நாசரேத்தில் நீங்களும் சபையாரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போன மாதம் எங்கள் சபையில் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம். எகிப்தில் அடிமைகளுக்கு லீவே கிடையாது, விடுதலையானவர்களுக்குத்தான் ஓய்வுநாள், இன்னும் ஓடிக்கொண்டே இருப்பவன் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறான் என்றார் போதகர். எனக்குச் சுருக்கென்றது. ரிட்டயர் ஆகியும் ஞாயிறு தவறாமல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடுகிறவன் அல்லவா நான்? அடுத்த ஞாயிறு முதல் நம் வீட்டில் ஒரு வேலையும் நடக்கக் கூடாது என்று அறிவித்தேன். ரூபாவதி, "அச்சா" என்றாள். ஆனால் அந்த ஞாயிறுதான் கீழ்வீட்டு ஸ்ரீதரையும் அவர் மனைவி ஷ்ருதியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன் என்பது, கோயிலில் காணிக்கைப் பை என் முன்னால் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து, ஒரு குழம்பு மட்டும் வையேன் என்றேன். "ஓய்வுநாள்னு நீங்கதான சொன்னிய?" என்றாள். சரி, போனில் பிரியாணி வரவழைக்கிறேன் என்றால், "வாசலுக்கு வார அந்நியனும் ஓய்ஞ்சிருக்கணும்னு கட்டளையில இருக்குல்லா. கொண்டுவார பையன் மனுசன் இல்லியா?" என்றாள். வேதத்தைப் புரட்டினேன். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, அந்நியன், எல்லாரும் இருந்தார்கள். அப்போது ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னேன் மச்சான். "பொண்டாட்டியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. நீ சமைக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. "மாட்டுக்குக்கூட இருக்கு. எனக்கு இல்ல, என்ன?" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். எட்டிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஸ்ரீதர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். விசில் சத்தத்தில் எழுந்துவிடுவாளே என்று குக்கர் வெயிட்டைக் கழற்றி வைத்தேன். சோறு அரிசியாகவே இருந்தது. தயிரை ஊற்றிக் கிசுகிசுத்துக்கொண்டே மூவரும் மென்றோம். சாயங்காலம் அவள் பதறி ஓடிவந்து, "வீடு ஏன் இப்படி அமைதியா கெடக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு சமையல் என் தலையில். ஆகையால், கிறிஸ்து நம்மை நியாயப்பிரமாணத்திலிருந்து விடுவித்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்பு வைப்பது பாவமாகாது என்று தங்கைக்கு நாலு வரி எழுதுங்கள். நீங்கள் அங்கி போட்டவர், உங்கள் சொல்தான் எடுபடும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். உங்கள் ஊழியம் ஏறட்டும், முழங்கால் வலி இறங்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. இன்று ரூபாவதி பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "சும்மா இருக்கேன்" என்றாள், புதுப்புடவையைக் காட்டுகிறவள் மாதிரி. அந்த நாலு வரியை எழுத வேண்டாம் மச்சான். புளிக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டு எழுதுங்கள், போதும். இவளிடம் கேட்டால் எழுந்து வந்துவிடுவாள்.