இரும்பு முனிக்கு இரண்டாம் பாகம்

கவின், யாழினி, போன ஞாயிற்றுக்கிழமை கோச்சடையில் ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா? அங்கே வழுக்கைத் தலையும் பெரிய காதுமாக ஒருவர் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது நம் ஆட்டோவில் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். "இம்புட்டு மொக்கையான ரோபோ படத்தைப் பாக்கவாப்பா அம்புட்டுப் பெரிய ஆளுக வந்தாங்க?" என்று யாழினி கேட்டாள். "அந்தத் தாத்தா யாருப்பா?" என்று கவின் கேட்டான். எதிரே லாரி மேல் லாரியாக வந்துகொண்டிருந்ததால் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் செய்த ராட்சத ரோபோவுக்கு மதுரைத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது இந்த உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். அவர்தான் அந்தத் தாத்தா. அவருடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. அவனியாபுரம் முழுக்க அவருக்கு மைக் அண்ணன் என்றுதான் பெயர்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக்கு அவர்தான் கேபிள்காரர். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடி அறை, மொட்டை மாடியில் ஒரு பெரிய டிஷ், உள்ளே ஒரு பழைய பிளேயர், ஒரு மைக். அதை வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் நடத்தினார். யாராவது வீட்டுக் காதுகுத்து வீடியோ ஓடும். நடுவில் படத்தை நிறுத்திவிட்டு, "கழுத்துல செவப்புக் கயிறு கட்டுன ஆடு ஒண்ணு நம்ம ஆபீஸ் வாசல்ல நிக்கிது. சொந்தக்காரங்க வந்து புடிச்சிட்டுப் போங்க. போஸ்டரத் திங்குது" என்று அறிவிப்பார்.

ஒருநாள், கப்பலில் வேலைபார்த்த ஒருத்தர் ஊருக்கு வந்தபோது ஒரு கட்டு சிடி கொண்டுவந்து கொடுத்தார். அத்தனையும் ஜப்பான் கார்ட்டூன். ஆகாயத்துக்கும் பூமிக்குமாக ஒரு ரோபோ, அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு பையன். தமிழும் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது. மைக் அண்ணன் ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே கறிச்சோறு சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில், ஜப்பான் சத்தத்தை அமுக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இவரு பேரு இரும்பு முனி. உள்ள உக்காந்து ஓட்டுறது துரைங்கிற பையன். எதிரி வேற கிரகத்துக்காரன். மத்ததெல்லாம் போகப் போகச் சொல்றேன்."

அவ்வளவுதான், ஊர் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

எல்லாக் குரலும் அவர் குரல்தான். முனி பேசும்போது காலி பெயிண்ட் டின்னுக்குள் தலையை விட்டுப் பேசுவார். துரைக்கு மூக்கால் பேசுவார். பெண்கள் வந்தால் ஒரு தரம் இருமிவிட்டு ஆரம்பிப்பார். டீ வந்துவிட்டால் முனி அடித்த அடி அப்படியே நிற்கும், வசனமே வராது. கடைசியில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு, "இம்புட்டு நேரமா முனி யோசிச்சாரு" என்பார்.

கொம்பு வைத்த ராட்சதன் வந்த வாரத்தை இப்போதும் ஊரில் பேசுவார்கள். அண்ணனுக்கு ஜல்லிக்கட்டு வாடிவாசலில் மைக் பிடிக்கிறவர் மாதிரி குரல் ஏறிவிட்டது. "புடிச்சாச்சு, முனி திமிலப் புடிச்சாச்சு. வால்ல தொங்காதப்பா, வாலத் தொட்டா பரிசு கெடையாது. முனிக்கு ஒரு பித்தள அண்டா. மாட்டுக்காரரு வேற கிரகம், அவருக்கும் ஒரு அண்டா." ராட்சதன் ஊரை மிதித்தபோது, "பெரியார் பஸ் ஸ்டாண்டு போச்சு" என்று சொல்லிவிட்டார். உடனே ஆபீசுக்கு ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, அப்ப திருமங்கலம் பஸ்ஸு எங்கிட்டு வந்து நிக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அந்த ரோபோவின் நெஞ்சுக்குள் ரெண்டு சீட்டு இருந்தது. ஒன்றில் துரை உட்கார்ந்திருப்பான். பக்கத்துச் சீட்டு எப்போதும் காலி. அது எதற்கு என்று ஜப்பான்காரன் அவன் பாஷையில் சொல்லியிருக்கலாம். நமக்குத் தெரியாது. மைக் அண்ணன் முதல் வாரமே சொல்லிவிட்டார். "அது துரையோட அண்ணன் சீட்டு. அண்ணன் எங்கிட்டோ போயிட்டாரு. வருவாரு."

பட்டறைத் தெருவில் பெரியவர்களுக்கு அது எதனால் என்று தெரியும். கேபிளுக்கு முன்னால் மைக் அண்ணனும் அவருடைய அண்ணனும் சேர்ந்து மைக் செட்டு வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொல்வது மூத்தவர். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இவர். ஒரு தடவை டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவுக்கு மூத்தவர் மட்டும் போனார். மறுநாள் மைக் செட்டு லாரியில் வந்து சேர்ந்தது. குழாய், ஆம்பிளிபயர், ஒயர், எல்லாம் ஒன்று குறையாமல் வந்தது. அண்ணன் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தேடாத இடமும் இல்லை.

அதனால்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கதை முடியும்போது துரை ரேடியோவில் பேசுவான். "அண்ணே, நான் இங்கனதான் இருக்கேன். நீ எங்கிட்டு இருக்க?" திரையில் துரை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் இந்த வசனம் வந்துவிடும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எல்லாக் கேபிள்காரரும் வீடு நெருக்கமாக இருக்கும் பக்கம் ஒயர் இழுப்பார்கள். மைக் அண்ணன் கல்லுப்பட்டிப் பக்கமாக இழுத்தார். அப்போதுதான் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்திருந்த என் வண்டியில்தான் ஒயர்ச் சுருள் போகும். ஊர் தாண்டி, கண்மாய் தாண்டி, பருத்திக்காடு தாண்டி, மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போவோம். ஒரு சின்ன ஊரில் நானே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இந்த ஊர்ல டிவியே மூணு வீட்டுலதான் இருக்கு."

"மூணு வீடு இருக்குல்ல?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்து இழுத்தா படம் தெரியாதுண்ணே."

"கேக்கும்ல?"

அவர் சொன்னதுதான் நடந்தது. அந்த ஊரில் டிவியைப் போட்டால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. இரும்பு முனியின் கால் கட்டைவிரல்கூடத் தெரியவில்லை. குரல் மட்டும் கணீரென்று வந்தது. ஒரு வீட்டுக்காரர் டிவி முன்னால் சம்மணம் போட்டு, ரேடியோவில் வயலும் வாழ்வும் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு அது, அண்ணனத் தேடுற பய?" என்று கேட்டார். மைக் அண்ணன் மரத்தில் ஏறிவிட்டார். அங்கேயிருந்து கல்லுப்பட்டிக்கு இன்னும் வெகுதூரம். ஒயர் அதற்கு மேல் போகவே இல்லை.

முதல் பாகத்தின் கடைசியில் முனி தனியாகச் சூரியனைப் பார்த்துப் பறந்து போவார். பக்கத்துச் சீட்டு அப்போதும் காலி. தெருவே மாடி அறை வாசலுக்கு வந்துவிட்டது. என்னுடைய சேக்காளி, டிங்கர் பட்டறை முருகேசன், படிக்கட்டில் நின்றுகொண்டு சத்தம் போட்டான். "என்னண்ணே, இப்புடி அத்துவானத்துல விட்டுட்டீங்க? அண்ணன் எங்க?"

"ரெண்டாம் பாகத்துல வருவாருப்பா."

"யாரு சொன்னா?"

"பின்ன எதுக்கு அந்தச் சீட்ட வச்சிருக்கான் ஜப்பான்காரன்?"

காலேஜில் படிக்கிற பையன் ஒருத்தன், அந்தக் கதையைக் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு வந்து, துரை வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சொன்னான். "அவய்ங்க வீட்டு விஷயம் கம்ப்யூட்டருக்கு என்னப்பா தெரியும்?" என்று மைக் அண்ணன் அவனை அனுப்பிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கதையைக் கட்டியவர் அவர்; எங்களைவிட அதிகமாக அதை நம்பியவரும் அவர்தான்.

பிறகு வீட்டுக்கு வீடு குட்டி டிஷ் வந்தது. சேனல் நின்றது. மரத்தில் கட்டிய ஒயரையெல்லாம் காற்றும் அணிலும் பார்த்துக்கொண்டன. மைக் அண்ணனை அவர் மகள் செல்வி கோச்சடைக்குக் கூட்டிப்போய்விட்டார். எப்போதாவது போன் பேசினால், எல்லா நலமும் விசாரித்துவிட்டுக் கடைசியில், "ரெண்டாம் பாகம் ஏதும் வந்துச்சா?" என்பார். வருஷக்கணக்கில் நானும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், கவின், நீதான் போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தால் இரும்பு முனியின் மூஞ்சி. ரெண்டாம் பாகம், அதுவும் தமிழிலேயே. உடனே கோச்சடைக்குப் போன் போட்டேன். மைக் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "யாரும் முன்னாடியே பாத்துறாதீங்கப்பா. எல்லாரும் வாங்க, சேந்து பாப்போம்" என்றார்.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். ஆனால் செல்வி அத்தை கொடுத்த முறுக்கில் கண்ணாக இருந்ததால் சில விஷயங்களைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பழைய முனி புளியமரம் மாதிரி இருப்பார். புதிய ரோபோ கொடிக்கம்பம் மாதிரி இருந்தது. செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசியது. சண்டைக்குக் கூப்பிட்டால் முதலில் மீட்டிங் போட்டார்கள். மீட்டிங் முடிந்தால் அதைப் பற்றி இன்னொரு மீட்டிங். முருகேசன் தாங்க முடியாமல், "ஏண்ணே, இது ரோபோ படமா, ஊராட்சிக் கூட்டமா?" என்றான். துரை வளர்ந்து, தொப்பை போட்டு, பெரிய அதிகாரியாகி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். யாரையும் தேடவில்லை.

அப்புறம் அந்த இடம் வந்தது. பழைய முனியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் உள்ளே ஏறி, காலிச் சீட்டைத் தொட்டு, இது எதற்கு என்று கேட்கிறாள். "அது இருக்கை அல்ல. உதிரி மின்கலப் பெட்டியின் மூடி" என்று துரை சொல்கிறான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முருகேசன் பாய்ந்து ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அமுக்கினான்.

"அண்ணே, இவய்ங்க கெடக்காய்ங்க. நீங்க பேசுங்கண்ணே. நீங்க சொல்லுறதுதான் எங்களுக்குக் கத."

மைக் அண்ணன் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். "பேசட்டும்ப்பா. பெரிய மனுசன் ஆயிட்டான், அவன் கதைய அவனே சொல்றான்." கொஞ்ச நேரம் துரையையே உற்றுப் பார்த்தார். "உடம்பு போட்டிருக்கான் பாரு. தேடாம இருந்தா நல்லாச் சாப்புடலாம் போல."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் அதைச் சொல்லியிருப்பார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருத்தராக எழுந்து வேலை இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு போனார்கள். முருகேசன் படியிறங்கும்போது ஜப்பானை மூன்று தலைமுறைக்கு வைதுகொண்டே போனான். நீங்கள் ரெண்டு பேரும் வாசலில் நாய்க்குட்டியோடு விளையாடப் போய்விட்டீர்கள். மைக் அண்ணனும் நானும் மட்டும் கடைசி வரைக்கும் பார்த்தோம். படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தது. நான் எழுந்தேன்.

"உக்காரு. எழுத்து ஓடி முடியட்டும். இப்பல்லாம் அதுக்குப் பொறவு ஏதாச்சும் காட்டுறாய்ங்க."

உட்கார்ந்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஜப்பான் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கை ஊன்றி, ஒவ்வொரு வரியையும் பார்த்தார். எழுத்து முடிந்தது. திரை கறுத்தது. பிறகு ஏதோ சமையல் நிகழ்ச்சியைப் பார்க்கச் சொல்லிப் படம் வந்தது.

"மூணாம் பாகம் எடுப்பாய்ங்களா?" என்று கேட்டார்.

"இதே ஓடலண்ணே. எங்கிட்டு எடுக்க?"

"நல்லாருந்தாத்தான் விட்டுறலாம். இத இப்புடியே விட முடியாதுல்ல. எடுக்கணும்ப்பா." சமையல்காரரைப் பார்த்துக்கொண்டே, தனக்குள் சொல்கிற மாதிரி, "அவரு வந்து எறங்குறத ஒரு தடவ பாத்துட்டாப் போதும்" என்றார்.

இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், பிள்ளைகளா. இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு ஸ்டாண்டில் வண்டியை வரிசையில் போட்டேன். என் முறை வர நேரம் இருந்தது. அந்தப் படத்தின் ட்ரெய்லரைப் போனில் தேடி எடுத்தேன். படம் பார்த்தவர்கள் அதன் கீழே உலகத்தில் உள்ள அத்தனை பாஷையிலும் எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் எல்லாம் வசவுதான் என்று தெரிந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

'ஐயா, வணக்கம். படம் சரியில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்காக விட்டுவிட வேண்டாம். மூன்றாம் பாகம் எடுங்கள். அதில் துரையின் அண்ணன் வர வேண்டும். கொஞ்ச நேரம் வந்தாலும் போதும். இங்கே ஒருவர் காத்திருக்கிறார்.'

துரை என்று மைக் அண்ணன் வைத்த பெயர் ஜப்பான்காரனுக்குத் தெரியாதே என்பது எழுதி முடித்த பிறகுதான் தோன்றியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி வரியில் என் பெயரைப் போடவில்லை. 'இப்படிக்கு, மைக் அண்ணனின் தம்பி, அவனியாபுரம்' என்று போட்டு அனுப்பினேன்.